தூக்கி எறிகிற தோலிலேதானய்யா வாசம்!

(பட்டிமன்றத் தலைப்பு: 'குடும்ப வாழ்வுக்குப் பெரிதும் சுவை சேர்ப்பது வசதியா? ரசனையா?' இடம்: வ. புதுப்பட்டி. 'ரசனையே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தலைவர் அவர்களே! எங்களிடம் தோற்பதற்காகவே நல்ல வேட்டி சட்டையில் வந்து உட்கார்ந்திருக்கும் எதிரணி அண்ணன்மார்களே! (சிரிப்பு) மேற்கே மலையும் கிழக்கே வயலுமாக, பார்த்தாலே பசி எடுக்கிற இந்த ஊரில், பாய் விரித்து, பிள்ளை குட்டிகளோடு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலிருந்தபடி தொலைக்காட்சி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் அன்பு நெஞ்சங்களே!

காரை விட்டு இறங்கும்போதே எதிரணி அண்ணன் பலகையைப் பார்த்தார். 'வ. புதுப்பட்டி'ன்னு எழுதியிருக்கு. "பாத்தியாம்மா, ஊர்ப் பேருலேயே 'வ' இருக்கு. 'வ'ன்னா வசதி! நாங்க ஜெயிச்சாச்சு" என்றார். அண்ணே, அது வத்திராயிருப்புக்கு 'வ'. அப்படியும் உங்களுக்கு ஒரு விரிவு வேணும்னா நான் சொல்றேன். 'வ'ன்னா வாசம்! (கைதட்டல்)

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசிய அந்த அண்ணன் ஒரு உவமை சொன்னார். அருமையான உவமை. "வசதி என்பது சுளை. ரசனை என்பது தோல். கடையில் பழம் வாங்குகிறவன் சுளைக்காக வாங்குகிறானா, தோலுக்காக வாங்குகிறானா? சுளையைத் தின்றுவிட்டுத் தோலைத் தூக்கி எறிகிறோம். அதுபோல வசதிதான் முக்கியம், ரசனை அப்புறம்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஏன் தட்டினேன் தெரியுமா? எனக்குப் பேச விஷயமே கிடைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் ஒரு தோலைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டார். இனி அந்தத் தோலை வைத்தே அவரைத் தோலுரிக்கப் போகிறேன்! (சிரிப்பு, கைதட்டல்)

என் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். கல்லூரியில் படிக்கிறாள். லீவு விட்டால் போதும், செல்போனைப் பார்த்து கேக் செய்கிறேன் என்று அடுப்படியை இரண்டாக்கிவிடுவாள். ஒருநாள் கேட்டாள்: "அம்மா, இதுல ஒரு எலுமிச்சம்பழத்தோட 'ஜெஸ்ட்'டைத் துருவிப் போடுன்னு இருக்கு. ஜெஸ்ட்டுன்னா உற்சாகம்னுல்ல எங்க இங்கிலீஷ் மிஸ் சொன்னாங்க? உற்சாகத்தை எப்படிம்மா துருவுறது?" என்று சிரித்தாள். என் வீட்டுக்காரர் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்காமலே, "உங்க அம்மாகிட்ட குடு, யார் உற்சாகத்தை வேணும்னாலும் துருவித் தள்ளிருவா" என்றார். (பலத்த சிரிப்பு)

அந்த ஒரு சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டேன் ஐயா. எலுமிச்சை, ஆரஞ்சு இவற்றின் வண்ணத் தோலுக்குப் பேர் ஜெஸ்ட். மனுஷன் வாழ்க்கையை அனுபவித்து ரசிக்கிற உற்சாகத்துக்கும் பேர் ஜெஸ்ட். இங்கிலீஷ்காரன் எதுக்கய்யா பழத்தோலுக்கும் வாழ்க்கை ரசனைக்கும் ஒரே பேரை வச்சான்?

அந்தச் சொல் இங்கிலீஷ் சொல்லே இல்லை. பிரெஞ்சுச் சொல். நமக்குப் பிரெஞ்சு ரொம்ப தூரம் இல்லை. 1954ஆம் வருஷம் வரைக்கும் பாண்டிச்சேரியில் இருந்து ஆண்டவர்கள்தானே! அந்தப் பிரெஞ்சில் இந்தச் சொல் முதன்முதலில் எலுமிச்சைத் தோலையே குறிக்கவில்லை. அக்ரூட் என்று கடையில் விற்கிறார்களே, வால்நட், அதை உடைத்துப் பார்த்திருக்கிறீர்களா? மூளை மாதிரி மடிப்பு மடிப்பாகப் பருப்பு இருக்கும். அந்தப் பருப்பை இரண்டாக, நான்காகப் பிரிக்கிற மாதிரி நடுவே காய்ந்த சவ்வு ஒன்று இருக்கும். கசக்கும். வாயில் பட்டால் துப்பிவிடுவோம். அந்தச் சவ்வுக்குத்தான் முதலில் ஜெஸ்ட் என்று பேர்!

அதனால் பிரெஞ்சுக்காரன் ஒரு பொருளை மட்டமாகச் சொல்ல வேண்டுமானால், 'அது ஒரு ஜெஸ்ட்டு பெறாது' என்பான். நாம் சொல்கிறோமே, 'சல்லிக்காசு பெறாது' என்று, அந்த மாதிரி. சரி, அந்தச் சொல்லுக்கு வேர் எது? எங்கேயிருந்து பிறந்தது? கிரேக்கம், லத்தீன் என்று தேடிப் பார்த்தார்கள். உறுதியாக எதுவும் கிடைக்கவில்லை. 'மூலம் தெரியவில்லை' என்று எழுதி அகராதியை மூடிவிட்டார்கள். நல்ல பிறப்பு என்று சொல்லிக்கொள்ள ஊரும் கிடையாது, பேரும் கிடையாது. பிழைப்போ வால்நட் சவ்வு. அப்படி ஒரு அநாதைச் சொல்!

இன்னொரு வேடிக்கை. பிரெஞ்சில் ஒரு வழக்கு இருக்கிறது: 'ஜிஸ்ட்டுக்கும் ஜெஸ்ட்டுக்கும் நடுவிலே'. அப்படியென்றால், இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல், என்ன முடிவு சொல்வது என்று தெரியாமல் இருக்கிற ஆள். நடுவர் ஐயா, நான் உங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. அகராதியைப் பார்த்துச் சொல்கிறேன்! (பலத்த சிரிப்பு, நடுவரும் சிரிக்கிறார்)

அந்தச் சொல்லுக்கு அப்புறம் ஒரு நல்ல காலம் பிறந்தது. சமையல்காரர்கள் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலை மெல்லிசாகச் சீவி, பானத்திலும் பலகாரத்திலும் போட்டார்கள். அந்தச் சீவலுக்கும் ஜெஸ்ட் என்ற பேர் வந்தது. 17ஆம் நூற்றாண்டில் அந்தத் தோலோடு சொல்லும் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியது. 18ஆம் நூற்றாண்டில் 'எதைச் சேர்த்தால் ருசி கூடுமோ அது' என்று பொருள் விரிந்தது. அப்புறம், 'வாழ்க்கையை ரசிக்கிற துடிப்பு' என்றே ஆகிப்போனது.

பார்த்தீர்களா நடுவர் அவர்களே! துப்பி எறிகிற சவ்வில் ஆரம்பித்த சொல், வாழ்வின் சுவை என்ற சிம்மாசனத்தில் போய் உட்கார்ந்துவிட்டது! 'தோல் எதுக்கு ஆகும்' என்று அண்ணன் கேட்டார். உலகத்தையே ஆண்ட மொழிக்காரன், வாழ்க்கையை ரசிப்பதற்கு ஒரு பேர் வேண்டும் என்று தேடியபோது சுளையிலிருந்து எடுக்கவில்லை. தோலிலிருந்துதான் எடுத்தான்! (கைதட்டல்)

ஏன் எடுத்தான்? அதிலும் காரணம் இருக்கிறது. எலுமிச்சம்பழத்தை மூக்குக்கிட்டே வைத்தால் வாசம் வருகிறதே, சுளையிலிருந்தா வருகிறது? தோலிலிருந்து! அந்த மஞ்சள் தோலில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது பாருங்கள், அத்தனையும் எண்ணெய்ப் பைகள். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் 90 சதவீதத்துக்கும் மேலே லிமோனீன் என்ற ஒரே பொருள். சின்னப் பிள்ளையில் ஆரஞ்சுத் தோலை மடக்கி விளக்குச் சுடருக்கு முன்னால் பீய்ச்சியிருக்கிறீர்களா? பொறி பறக்கும்! அது அந்த எண்ணெய் எரிகிற பொறி. சுளைச் சாற்றைச் சுடரில் ஊற்றிப் பாருங்கள், விளக்கு அணைந்துபோகும்! சுளை விளக்கை அணைக்கும். தோல் பொறி பறக்க வைக்கும். வசதிக்கும் ரசனைக்கும் வித்தியாசம் இதுதான் அண்ணே! (பலத்த கைதட்டல்)

அதிலேயும் ஒரு பக்குவம் இருக்கு. தோலைச் சீவத் தெரிந்தவர்கள் மேலே இருக்கிற மஞ்சளை மட்டும்தான் சீவுவார்கள். கொஞ்சம் அழுத்திவிட்டால் அடியில் வெள்ளைப் பஞ்சு வந்துவிடும். அது கசப்பு. மொத்தப் பண்டமும் கெட்டது.

தாய்மார்களே, குடும்பத்தில் கேலி கிண்டல் எல்லாம் இந்தக் கணக்குத்தான். ரசம் கொஞ்சம் தண்ணியாகப் போச்சு. "இன்னிக்கு ரசத்துல பிளவக்கல் அணைத் தண்ணி எத்தனை அடி இருக்கும்மா?" என்று புருஷன் கேட்டால் அது மஞ்சள். அவளும் சிரிப்பாள், பிள்ளைகளும் சிரிக்கும், தண்ணி ரசம்கூட இனிக்கும். அதையே, "உங்க அம்மா வீட்டுல உனக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டால் போச்சு! கத்தி வெள்ளையில் இறங்கிவிட்டது. (சிரிப்பு) அப்புறம் மூணு நாளைக்கு அந்த வீட்டில் எதைத் தொட்டாலும் கசக்கும். எவ்வளவு சீவ வேண்டும், எங்கே கத்தியை நிறுத்த வேண்டும் என்று தெரிகிறதே, அதுக்குப் பேர்தான் ரசனை. எந்த வசதியும் அதைச் சொல்லிக் கொடுக்காது.

'இதெல்லாம் பிரெஞ்சுக்காரன் கதை, நமக்கு எதுக்கு?' என்று அண்ணன் கேட்கலாம். அண்ணே, அவன் தோலைச் சீவிக் கொஞ்சமாகத் தூவினான். நாம தோலையே முழுசாச் சாப்பிட்ட பரம்பரை! நார்த்தங்காய் என்று ஒன்று இருக்கிறதே! அதில் சுளையா பெரிசு? தோல்தான் பெரிசு! அந்தக் காயை அறுத்துத் துண்டாக்காமல், சுருள் சுருளாகச் சுற்றி அரிந்து, உள்ளே கல் உப்பை அடைத்து, ஜாடியில் போட்டு ஊறவிட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடி அந்த உப்பு நீரிலேயே போட்டு, மறுபடி காயவைத்து... நம்ம பாட்டிமார் பண்ணினார்களே! கசப்பு என்று தூக்கி எறியவில்லையே! கசப்புக்கு வைத்தியம் உப்பும் வெயிலும் பொறுமையும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள்.

இலையைக்கூட விடவில்லை. நார்த்தை இலையையும் எலுமிச்சை இலையையும் நரம்பு கிள்ளி, மிளகாய், ஓமம், உப்புச் சேர்த்து இடித்து உருட்டி வைப்பார்கள். அதுக்குப் பேர் என்ன? வேப்பிலைக்கட்டி! அதில் வேப்பிலை மருந்துக்கும் கிடையாது. (சிரிப்பு) பேர் கசப்பு, பொருள் மணம். மோர்ச் சோற்றுக்கு அதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்.

காய்ச்சலில் நாலு நாள் படுத்தவனைக் கேளுங்கள். பிரியாணி வேணுமா என்றால் முகத்தைத் திருப்புவான். ஆப்பிளும் ஆர்லிக்ஸும் தலைமாட்டில் வரிசையாக இருக்கும், தொடமாட்டான். வசதி எல்லாம் வரிசையில் நிற்கிறது. நாக்கு வேண்டாம் என்கிறது. அப்போது ஒரு அம்மா, கஞ்சியை ஆற்றி, பழைய ஜாடியைத் திறந்து, கறுத்துப்போன நார்த்தங்காயில் ஒரு துணுக்கு கிள்ளி ஓரமாக வைப்பாள். நாக்கு விழித்துக்கொள்ளும்! "இன்னும் ஒரு வாய் குடும்மா" என்பான். செத்த நாக்குக்கு உயிர் கொடுத்தது சுளை இல்லை ஐயா, தோல்! (கைதட்டல்)

அந்த நார்த்தங்காய் ஊர் சுற்றின கதை தெரியுமா உங்களுக்கு? வடமொழியில் 'நாரங்க' என்று ஒரு சொல் இருக்கிறது. அது தென்னாட்டுச் சொல்லிலிருந்து போனது என்றுதான் மொழியறிஞர்களில் பெரும்பாலானவர்கள் கருதுகிறார்கள். நாம் நாரத்தை என்கிறோம், பக்கத்தில் மலையாளத்தில் நாரங்ஙா என்கிறார்கள். அது பாரசீகத்துக்குப் போய் 'நாரங்' ஆனது. அரபு நாட்டுக்குப் போய் 'நாரஞ்' ஆனது. ஸ்பெயினில் 'நராஞ்ஹா' ஆனது. இத்தாலி, பிரான்சு பக்கம் போனபோது முன்னால் நின்ற 'ந' உதிர்ந்துபோய், 'ஆரஞ்சு' ஆனது. அங்கிருந்து இங்கிலீஷுக்குப் போய், இங்கிலீஷ்காரனோடு நம்ம ஊருக்கே திரும்பி வந்தது.

கதை எப்படி இருக்கு பாருங்கள்! நம்ம தெருவிலிருந்து நார்த்தை என்று வாக்கப்பட்டுப் போன பொண்ணு, நாலைந்து தேசம் சுற்றி, பேரை மாற்றி, ஆரஞ்சு என்று கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து இறங்குகிறாள். நாம 'வாங்க மேடம், எந்த ஊரு?' என்று கேட்கிறோம்! (பலத்த சிரிப்பு) இங்கிலீஷ்காரனுக்கு அந்தப் பழம் வருவதற்கு முன்னால் அந்த நிறத்துக்கே தனிப் பேர் கிடையாது. மஞ்சள் சிவப்பு என்று ஒட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். பழம் போன பிறகுதான் நிறத்துக்கும் பேர் கிடைத்தது. இப்போதும் இந்த வகைப் பழங்களின் கசப்புச் சத்து ஒன்றுக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கிற பேர் 'நரிஞ்சின்'. அதுக்குள்ளேயும் நம்ம நாரங்கம் ஒளிந்துகொண்டிருக்கிறது.

நடுவர் அவர்களே! நாரத்தை என்ற பேரே 'நாறு' என்ற வேரிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. நாறு என்றால் முகத்தைச் சுளிக்கிறீர்களே! பழந்தமிழில் 'நாறு' என்றால் மணம் வீசு என்று அர்த்தம். வள்ளுவர் பூவின் மணத்தை 'நாற்றம்' என்றுதான் சொல்கிறார். இங்கிருந்து பக்கத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தாளே நம்ம ஆண்டாள், அவள் வெண்சங்கைப் பார்த்து, 'கண்ணன் வாய்ச்சுவை எப்படி, அதன் மணம் எப்படி' என்று கேட்கிற இடத்தில் என்ன சொல்லைப் போடுகிறாள்? இந்த 'நாறு' என்ற சொல்லைத்தான்! பகவானுடைய திருவாய்க்கு ஆண்டாள் போட்ட சொல்லை, இன்று நாம் எதுக்குப் போடுகிறோம்? சாக்கடைக்கு! (சிரிப்பு)

இந்த ரெண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று பிரெஞ்சுச் சொல். துப்புகிற சவ்வாக இருந்தது. வாழ்வின் சுவையாக உயர்ந்தது. இன்னொன்று தமிழ்ச் சொல். தெய்வத்தின் மணமாக இருந்தது, சாக்கடைக்கு இறங்கியது. ரெண்டும் தானாக ஏறவும் இல்லை, தானாக இறங்கவும் இல்லை. வாயில் வைத்திருந்தவர்கள் எங்கே வைத்தார்களோ, அங்கே அது இருந்தது. சொல்லுக்கு இந்தக் கதி. மனுஷருக்கும் இந்தக் கதிதான் என்று சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

கொஞ்சம் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு விஷயம் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு வீடு. ஊர் பேர் வேண்டாம். பெரிய வீடு. வழவழவென்று கிரானைட் தரை. ஒவ்வொரு அறையிலும் ஏசி. பையன் நல்ல வேலையில் இருக்கிறான், மருமகளும் வேலை பார்க்கிறாள். நல்ல பிள்ளைகள். தப்பாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு என்று தனி அறை, தனி டிவி, மெத்தைக் கட்டில். மணிக்குச் சாப்பாடு, மணிக்கு மாத்திரை. சமையலுக்கு ஆள். அந்த அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். "எப்படி இருக்கீங்கம்மா?" என்று கேட்டேன். "எனக்கென்ன தாயி குறை? பிள்ளைக ராசா மாதிரி வச்சிருக்காக" என்றார்கள். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார்கள்: "ஒண்ணே ஒண்ணுதான் தாயி. குழம்புல உப்புச் சரியா இருக்கான்னு என்னைய யாருமே கேக்குறதில்லை."

(அரங்கில் அமைதி)

நாற்பது வருஷம் அந்தக் குடும்பத்துக்கு உப்புப் பார்த்த நாக்கு ஐயா அது! யாருக்குக் காரம் ஆகாது, யாருக்குப் புளிப்பு வேணும், யார் வயிறு எப்போது கெடும் என்று அத்தனையும் தெரிந்த நாக்கு. அதைத் தண்டனையாக யாரும் ஒதுக்கவில்லை. 'அம்மாவுக்கு எதுக்குச் சிரமம், ரெஸ்ட் எடுக்கட்டும்' என்று அன்பாகத்தான் ஒதுக்கினார்கள். சாறைப் பிழிந்தாச்சு. தோலைப் பத்திரமாக, ஏசி போட்டு, ஓரமாக வைத்தாச்சு!

எதிரணி நண்பர்களே, இந்த வீட்டில் எந்த வசதி குறைவு? சொல்லுங்கள்! கட்டில் குறைவா, மெத்தை குறைவா, மாத்திரை குறைவா? அந்த அம்மாவுக்கு வேண்டியது ஒரு கரண்டிக் குழம்பும் ஒரு கேள்வியும். "அம்மா, கொஞ்சம் ருசி பார்த்துச் சொல்லுங்களேன்." அதுக்கு ஒரு பைசா செலவு உண்டா? ஆனால் எந்தக் கடையிலும் அது கிடைக்காது. (கைதட்டல்)

ரிட்டயர் ஆன அப்பாக்களும் அப்படித்தான். முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவர். இன்று கரண்ட் பில்லைக்கூடப் பையன் செல்போனில் கட்டிவிடுகிறான். அவர் பாவம், வாசலில் உட்கார்ந்து போகிற பஸ்ஸை எண்ணிக்கொண்டிருக்கிறார். "அப்பா, இந்த நிலத்துப் பத்திரத்தைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க" என்று ஒரு தாளைக் கையில் கொடுத்துப் பாருங்கள். கண்ணாடியைத் தேடுகிற வேகத்திலேயே தெரியும் அவர் உடம்பில் இன்னும் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று!

எதிரணி அண்ணன் இன்னொன்றும் கேட்டார். "பசியோடு இருப்பவனிடம் போய் ரசனையைப் பற்றிப் பேசலாமா?" என்றார். நியாயமான கேள்வி. நான் அதைத் தட்டிக் கழிக்க மாட்டேன். பழமே இல்லாத இடத்தில் தோல் ஏது? சோறு வேணும், துணி வேணும், ஒழுகாத கூரை வேணும். அதில் எனக்கும் அண்ணனுக்கும் சண்டையே கிடையாது. ஆனால் நடுவர் அவர்களே, தலைப்பு 'உயிர் வாழ எது வேண்டும்' என்று இல்லை. 'சுவை சேர்ப்பது எது' என்றுதான் கேட்டிருக்கிறீர்கள்!

அதோடு, ரசனை பணக்காரர் சொத்து என்று யார் சொன்னது? பக்கத்தில் ராஜபாளையம். 1936ஆம் வருஷமே நூற்பாலை கண்ட ஊர். அதைத் தாண்டிச் சத்திரப்பட்டியில் தறிச் சத்தம்; ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அங்கே விடிகாலை ஷிப்ட்டுக்குப் போகிற பெண்களின் தூக்குச்சட்டியைத் திறந்து பாருங்கள். கூட்டு, பொரியல், அப்பளம் என்று எதுவும் இருக்காது. மோர்ச் சோறு. ஆனால் மூடிக்கு அடியில் இலைத் துண்டில் மடித்து ஒரு சுருள் நார்த்தங்காய் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கும் அதில் பாதி போகும். "ஏத்தா, உங்க மாமியா போட்டதா? இம்புட்டு ருசியா இருக்கு!" என்று ஒரு சிரிப்பு. அரை மணி நேர இடைவேளை அவர்களுக்குக் கல்யாணப் பந்தி ஆகிவிடுகிறது. அந்தத் தூக்குச்சட்டியில் வசதி எங்கே இருக்கிறது? ரசனை இருக்கிறது!

இன்னொரு சாட்சியும் இந்த மண்ணிலேயே இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. 2019ஆம் வருஷம் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். அதில் என்ன போடுகிறார்கள்? பாலும் சர்க்கரையும். பால் எந்த ஊரில் கிடைக்காது? சர்க்கரை எந்தக் கடையில் கிடைக்காது? பாலும் சர்க்கரையும் வசதி. அடி பிடிக்காமல், தீ கூடாமல், எந்த நேரத்தில் சர்க்கரை போடுவது, எந்தப் பதத்தில் இறக்குவது என்று, விடாமல் கிண்டுகிற கை இருக்கிறதே, அது ரசனை. வசதி மட்டும் போதும் என்றால் அண்ணன் வீட்டில் பாலையும் சர்க்கரையையும் தனித்தனியாகக் கொடுத்துவிட்டு, 'இதுதான் பால்கோவா, சாப்பிடுங்க' என்று சொல்லிவிடலாமே! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

(நடுவர் மணி அடிக்கிறார்)

முடித்துக்கொள்கிறேன் ஐயா. மணியடிப்பதிலும் நடுவருக்கு ஒரு ரசனை இருக்கிறது. சுவையான இடமாகப் பார்த்துத்தான் அடிக்கிறார்!

குடும்பத்தோடு வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் வசதியைச் சேருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஃபிரிட்ஜ் வாங்குங்கள், கார் வாங்குங்கள், நல்லா இருங்கள். ஆனால் சேர்க்கிற அவசரத்தில் எதை ஓரமாகத் தள்ளுகிறோம் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற அந்தப் பத்து நிமிஷம், ஒருத்தரை ஒருத்தர் மஞ்சளோடு நிறுத்திக்கொண்டு கேலி பண்ணுகிற அந்தச் சிரிப்பு, 'நீ வச்ச குழம்பு நல்லா இருக்கு' என்று வாய் திறந்து சொல்கிற அந்த ஒரு வார்த்தை, இதெல்லாம் தோல் மாதிரிதான் தெரியும். தூக்கி எறிந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் வாசம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

இன்றைக்கு வீட்டுக்குப் போய், அடுப்பில் எது கொதித்தாலும் சரி, ஒரு கரண்டி எடுத்து, ஆற்றி, வீட்டில் இருக்கிற மூத்தவர்கள் உள்ளங்கையில் விட்டு, "உப்புப் பாருங்க" என்று சொல்லுங்கள். அவர்கள் சப்புக்கொட்டிவிட்டு, "இன்னும் ஒரு கல் போடு" என்பார்கள். உப்புச் சரியாகவே இருந்தாலும் போடுங்கள்! அந்த ஒரு கல் உப்பில் அந்த வீட்டுக்கு ஒரு சுவை வரும். அதை எந்த வசதியாலும் கொடுக்க முடியாது. (நீண்ட கைதட்டல்)

ஆகவே, நடுவர் அவர்களே! ஜிஸ்ட்டுக்கும் ஜெஸ்ட்டுக்கும் நடுவில் நிற்காமல், எங்கள் பக்கம் தெளிவாக வந்து நின்று, குடும்ப வாழ்வுக்குப் பெரிதும் சுவை சேர்ப்பது ரசனையே! ரசனையே! என்று நல்ல தீர்ப்பைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.